நீலம்

வின்டன் ஊருக்குத் தெற்கே, டிசம்பர் முதல் வாரம்.
கோடை என்கிறார்கள். மழை பக்கவாட்டில் பெய்கிறது.
கறவைக்கூடத்தில் நானூற்றுச் சொச்சம் பசுக்கள்,
ஒவ்வொன்றின் வாலடியிலும் ஒரு நீலப் பட்டை.
நீலம் கலையாதவை பாலைக் கொடுத்துவிட்டுப் புல்லுக்குப் போகும்.
தேய்ந்தவற்றை ரொடெல் எனக்காக ஒதுக்குவான்:
இரவில் இன்னொருத்தி மேலேறியபோது
விலகாமல் நின்றவள்.
நின்றதுதான் அவள் சொன்ன ஒரே சொல்.

இன்றைக்கு ஒன்பது.

குடுவையைத் திறந்தால் வெண்புகை முழங்காலில் வழிகிறது.
பூஜ்யத்துக்குக் கீழே நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரி.
பேனா ரீஃபில் மாதிரி ஒரு குழல்,
உள்ளே கால் மில்லி காளை.
அது செத்து ஆறு வருடம்.
இந்த வட்டாரத்தில் அதற்கு இன்னும் மகள்கள் பிறக்கிறார்கள்.
வெதுநீரில் போட்டு நாற்பது எண்ணி,
துடைத்து, நுனி நறுக்கி, கம்பியில் செருகி,
குளிர்ந்துவிடாமல் சட்டைக்குள் மார்போடு வைத்துக்கொள்கிறேன்.

இடக்கை தோள்வரை உள்ளே.
சாணத்தை அள்ளு. பொறு. இறுக்குவாள், விடுவாள்.
குடலின் சுவர் வழியே தடவினால் கருப்பைக் கழுத்து
நெருநெருவென்று தட்டுப்படும். மூன்று வளையம்.
கம்பியைத் தள்ளக் கூடாது;
ஊசியை அசைக்காமல் மணியைக் கோக்கிற மாதிரி
கழுத்தைத்தான் அதன்மேல் கொண்டுவர வேண்டும்.
மூன்றாவது தாண்டியதும் நில்.
ஐந்து எண்ணும்வரை மெல்ல அழுத்து.
பதினான்கு வருடமாக இதைக் கண்ணை மூடித்தான் செய்கிறேன்.

"இவன் பேரென்ன?" தினமும் கேட்பான் ரொடெல்.
எண்ணைச் சொல்வேன். சிரிப்பான்.
"என் மகனும் கணக்குப் போட்டு வந்தவன்தான்.
வருஷத்துக்குப் பதினெட்டு நாள் லீவு.
இலோயிலோவில் என் பெண்டாட்டி
காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தாள்.
புயலில் விமானம் இரண்டு நாள் லேட்.
வாசலிலேயே அழுதாள்.
ஆனாலும் பிடித்துக்கொண்டது."

ஆனாலும் பிடித்துக்கொண்டது.
எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டான்.

அவனிடம் நான் சொல்லவில்லை,
பத்து இரவு லாக்லன் என் வயிற்றில் ஊசி குத்தியதை.
எனக்கு நானே போட்டுக்கொள்ள முடியவில்லை. நான்!
ஒன்பது முட்டை எடுத்தார்கள்.
பக்கத்து அறையில் ஒரு சின்ன டப்பாவோடு அவன் முப்பத்தைந்து நிமிடம்;
வெளியே வந்தபோது திருடிப் பிடிபட்டவன் முகம்.
முட்டைக்கு ஓர் அணு என்று பொறுக்கி
கண்ணாடி ஊசியால் உள்ளே விட்டார்கள்.
ஐந்து சேர்ந்தன. மூன்று, ஐந்தாம் நாள்வரை பிழைத்தன.
ஒன்று எனக்கு. இரண்டு குளிருக்கு,
டனீடினில், என் வேனில் இருக்கிற அதே குளிருக்கு.

கால் அகட்டிப் படுத்திருந்தேன்.
மருத்துவர் கையில் மெல்லிய குழாய்.
மெதுவாக, என்றேன். தாண்டியதும் நில்லுங்கள்.
என்ன, என்றார். ஒன்றுமில்லை, என்றேன்.
திரையில் ஒரு வெள்ளைப் பொட்டு மின்னி நின்றது.
லாக்லன் அதற்குக் கையசைத்தான், பைத்தியக்காரன்.

நேற்று ரத்தம் கொடுத்தேன்.
இன்று மதியத்துக்குள் கூப்பிடுவார்கள்.

நானூற்றுப் பதினேழு. மூன்றாம் முறை வந்திருக்கிறாள்.
"இதுவும் தங்கலைன்னா லாரிதான்" என்கிறார் ஹேரிட்,
ஈரத் தொப்பியை உதறியபடி.
கெட்டவர் இல்லை. கேட்டால் தீனிக் கணக்கைக் காட்டுவார்.
போன மாதம் அவர் மகள் பெற்றதற்கு
எனக்கும் கேக் கொடுத்தார்.

கை உள்ளே இருக்கும்போது பாக்கெட்டில் போன் அடிக்கிறது.
எடுக்கட்டுமா என்று ஜாடை காட்டுகிறான் ரொடெல்.
வேண்டாம்.
முதல் வளையம். இறுக்குகிறாள். இரு, இரு, என் தங்கமே.
இரண்டு.
போன் அடிக்கிறது.
மூன்று. நில்.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு
போன் நிற்கிறது
ஐந்து.

ரொடெல் தூரிகையைத் தோய்த்து அவள் வாலடியில் புதுசாகப் பூசுகிறான்.
அவள் உடம்பைச் சிலிர்க்க, என் சட்டைக் கையிலும் கொஞ்சம் தெறித்தது.
துணி எடுத்து நீட்டினான்.

இருக்கட்டும், என்றேன்.
அந்தக் கையை எதிலும் உரசாமல் பிடித்தபடி
வேனுக்கு நடந்தேன்.